வேலைக்குப் போயிருந்த வேலி

காலை ஐந்து நாற்பதுக்குத் தேனி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு யானை. ஃப்ளெக்ஸ் பேனரில் நின்றிருந்தது. காதின் அகலத்தை வைத்துப் பார்த்தால் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தலைக்கு மேலே ‘நம் யானைகளைக் காப்போம்’ என்று எழுதியிருந்தது. காலடியில் நன்கொடை கொடுத்தவர்களின் முகங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முகமும் யானையின் முகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

அந்த வரிசையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் இருந்தார். சென்னையில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடம், போன தீபாவளிக்குப் பொது வாணவேடிக்கையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை யானைகளுக்குக் கொடுத்தது. நேரடியாக அல்ல, ஒரு தொண்டு அமைப்பின் வழியாக. அந்த அமைப்பு கம்பம் பள்ளத்தாக்கின் மலையோரத் தோட்டங்களைச் சுற்றித் தேனீப் பெட்டி வேலி போடுகிறது. கம்பங்கள் நட்டு, கம்பி இழுத்து, கம்பியில் பெட்டிகளைத் தொங்கவிடுவார்கள். யானை கம்பியில் இடித்தால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும், யானை வந்த வழியே போய்விடும். தோட்டம் பிழைக்கும், யானை பிழைக்கும், தேனும் கிடைக்கும். எங்களுக்குக் காட்டிய விளக்கப் படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், யானை உட்பட.

ஒவ்வொரு பெட்டியிலும் எங்கள் கட்டடத்தின் பெயரை எழுதுவார்கள் என்று தெரிந்த பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது. ஆண்டுக் கூட்டத்துக்குள் பெயர் தெரியும்படி ஒரு படம் வேண்டும் என்றார் செயலாளர். நான் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்களுக்கு வேலை இருக்காது என்பது எங்கள் கட்டடத்தின் ஒருமித்த கருத்து. ஆகவே நான்.

அமைப்பு என்னை வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தது. நான் செவ்வாய்க்கிழமையே போய்விட்டேன். சொன்ன நாளுக்கு முன்பே போய் நிற்பது பழைய தொழிலில் ஒட்டிக்கொண்ட வியாதி.

நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார் ஒருவர். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கியபோது சென்னையில் இதை ஒரு கடையில் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாரம்பரியம் என்ற பெயரில் விற்றது நினைவுக்கு வந்தது. இங்கே பாரம்பரியத்துக்குத் தனியாக விலை போடவில்லை.

கூடலூர் போகும் பேருந்தில் கம்பத்துக்குச் சற்று முன்னால் கியர் கம்பி ஓட்டுநரின் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார். குற்றம் தன்னுடையது அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி.

“அத அப்படியே வச்சுக்கங்கண்ணே, லோயர் கேம்ப்புல ஆனை வெரட்ட ஆகும்” என்றது பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்.

“ஆனைக்கு இதெல்லாம் பயமா? இந்த வண்டியக் கொண்டுபோய் நிறுத்துனாத் தானா ஓடிரும்” என்றார் நடத்துனர். எல்லோரையும் இறக்கி, வெங்காய மூட்டைகளோடு வந்த அடுத்த பேருந்தில் ஏற்றிவிட்டார். மூட்டைகளுக்கு இருக்கை கிடைத்திருந்தது.

கூடலூரிலிருந்து ஆட்டோவில் லோயர் கேம்ப் சாலையில் போய், மலையடிவாரத்துத் தோட்டப் பாதையில் இறங்கி நடந்தேன். ஆடிக் காற்று சேலையைக் கம்பத்தில் கட்டிய கொடி போல ஆக்கியது. வேலி இருந்தது. கம்பங்கள் நேராக நின்றன. கம்பி நன்றாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கம்பியில் சீரான இடைவெளியில் கொக்கிகள் தொங்கின. கொக்கிகளில் காற்று தொங்கியது.

உள்ளே செவ்வாழைத் தோட்டம். ஒவ்வொரு மரத்துக்கும் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். தார்கள் முற்றி, கருஞ்சிவப்பாகத் தொங்கின. மூலையில் ஒரு காவல் குடிசை. அதன் கூரை பழைய ஃப்ளெக்ஸ் பேனர். தேனியில் பார்த்த அதே யானை, அதே வகை முகங்கள். மலையிலிருந்து வந்த சாரலில் நன்கொடையாளர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே, நனையாமல், தோட்டக்காரர் சுருளிச்சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “மெட்ராஸ் மேடமா? வியாழக்கிழமைல்ல வர்றதாச் சொன்னாக?”

“முன்னாடியே வந்துட்டேன். பெட்டி எல்லாம் எங்கே?”

சுருளிச்சாமி மலையைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டார்.

“சொல்ல வேண்டியதுதான கொழுந்தனாரே, பெட்டியெல்லாம் வேலைக்குப் போயிருக்குன்னு” என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

ஒச்சம்மாள். அதே வேலிக்குள் வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாழைகள் அவருடையவை. தார்கள் இன்னும் பிஞ்சு. என் வயதுதான் இருக்கும், என்றாலும் என்னை அக்கா ஆக்கிக்கொண்டார். மருதாணிச் சிவப்பு என்று நான் நினைத்த விரல்கள் ஏலக்காய் பறித்துக் கறை ஏறியவை. அன்று அவருக்கு வேலை இல்லாத நாள்.

“மேல ஏலத்தோட்டத்துல இப்பப் பூவெடுப்புக் காலம் யக்கா. பூச்சி வந்து உக்காந்தாத்தான் காய் பிடிக்கும். அதான் பெட்டியக் கேரளாவுக்கு வேலைக்கு அனுப்பிட்டாக. எங்கள மாதிரியே ஜீப்புலதான். ஒரு வித்தியாசம், நாங்க சாயங்காலம் வந்துருவோம். அதுக அங்கனயே தங்கல்.”

“அப்ப இங்கே யானை வந்தா?”

“முந்தாநாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்தாகல்ல. நாலு தென்னங்கன்னப் பிடுங்கித் தின்னுட்டுப் போனாக.” இதைச் சொன்னவர் சுருளிச்சாமி. இந்தப் பக்கத்தில் யானைகளுக்கு மரியாதைப் பன்மை உண்டு. நன்கொடை கொடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போது அது வரும், போகும்.

பெட்டிகள் இருந்தால் பயன் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் இருவருமே. எங்கள் பெட்டிகள் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, வேலி போட்ட புதிதில், ஒரு ஆண் யானை கம்பியை இழுத்துத் தும்பிக்கையில் கொட்டு வாங்கி, மலை அதிரப் பிளிறிக்கொண்டு போனது. அந்தப் பருவம் முழுக்க எதுவும் வரவில்லை. அடுத்த வருஷம் அமைப்பு காலிப் பெட்டிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தது. “அதத் தூக்கிப் பந்து வெளாடுனாக” என்றார் ஒச்சம்மாள்.

சுருளிச்சாமியின் தார்களை வெட்டக் கம்பத்து வியாபாரி சனிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷம் காத்த பயிர். தார் முற்றின வாசம் யானைக்கு எவ்வளவு தூரம் போகும் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

“நாளைக்கு எங்க ஜீப்புல வாங்க” என்றார் ஒச்சம்மாள். “நாங்க வேலை பாக்குற ஏலத்தோட்டத்துலதான் உங்க பெட்டி நிக்குது. பேரெல்லாம் அழகா எழுதியிருக்கு.”

புதன்கிழமை விடியலில் கூடலூரில் அந்த ஜீப்பில் ஏறினேன். ஏறினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. திணிக்கப்பட்டேன். முன் இருக்கையில் ஓட்டுநருக்குப் பாதி இடம். பின்னால் பெண்களின் மடியில் பெண்கள், பெண்களின் மடியில் தூக்குவாளிகள். சென்னையில் மின்சார ரயிலில் நெரிசல் என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டிருக்கிறேன். அந்தத் தலைப்புகளை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

“மெட்ராஸ் அக்கா, கால எங்க வச்சிருக்கீக?” என்றாள் ஒருத்தி.

“தெரியல.”

“அப்ப எம்மேலதான் இருக்கு. பரவால்ல, எறங்கும்போது எடுத்துக்கங்க.”

மலைப்பாதையில் டயர் பஞ்சரானது. ஓட்டுநர் சக்கரம் மாற்றும்வரை பெண்கள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறந்துவிட்டார்கள். புளிக்குழம்புச் சோறும் கருவாடும். மத்தியானத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அது மத்தியானத்துக் கவலை” என்றார் ஒச்சம்மாள், கருவாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தபடி.

சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வெளிநாடு. கடைப் பலகைகளில் எழுத்து வட்டமானது, மழை தடித்தது. எஸ்டேட்டில் உயர்ந்த நிழல் மரங்களுக்குக் கீழே ஏலச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. பூக்கள் தரையை ஒட்டிப் பூத்திருந்தன, வெள்ளையில் ஊதாக் கோடு. செடிகளுக்கு நடுவே மரக்கால்களின் மேல் பெட்டிகள் நின்றன. நீல வண்ணத்தில், வெளியூர் மழையில் சற்றும் மங்காமல், எங்கள் கட்டடத்தின் பெயர். மழை விட்ட இடைவெளியில் தேனீக்கள் வெளியே வருவதும் உள்ளே போவதுமாகக் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தன. எங்கள் கட்டடத்தின் பெயரால் யாராவது இவ்வளவு உழைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேற்பார்வையாளர் மலையாளி. என்னை ஒச்சம்மாளின் விருந்தாளி என்று நினைத்துக்கொண்டார். தன் உதவியாளரிடம் அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: தமிழ்நாட்டிலிருந்து வரும் வேலைக்காரர்களிலேயே டீ கேட்காதவை இவை மட்டும்தான்.

“டீ கேக்காது சேட்டா, கொட்டும்” என்றார் ஒச்சம்மாள், கூடையிலிருந்து தலை நிமிராமல்.

அப்போது மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி வந்தது. பேசி முடித்ததும் குடையை உதறினார். மலையாளம் எனக்குப் பாதி புரியும், மீதியை ஒச்சம்மாள் ரசித்து மொழிபெயர்த்தார். யாரோ பணம் கொடுத்தவர் சென்னையிலிருந்து நாளைக்கு வருகிறாராம். இன்று இருட்டியதும் பெட்டிகளைக் கீழே அனுப்ப வேண்டுமாம். பூ உச்சத்தில் இருக்கும் நேரம். “பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே, இவர்கள் எல்லாம் எதற்காகப் புறப்பட்டு வருகிறார்கள்?”

நியாயமான கேள்வி. நான் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் குமுளியில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். மேசையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு விலைப்பட்டியல் இருந்தது. அதில் ‘யானைகளைக் காக்கும் தேன்’ ஒரு பாட்டில் என்று போட்டிருந்தது. ஏலப்பூ மணக்கும் நல்ல தேன் என்று பரிமாறியவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை வேலி வேலியாக இருந்தது. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பெட்டி. காற்றில் லேசாக ஆடின. உள்ளே ஒரு உறுமல் கேட்டது. அமைப்பின் கள ஒருங்கிணைப்பாளர் ஜெபராஜ், நிறைய பைகள் வைத்த காட்டுப் பச்சைச் சட்டையில் எனக்காகக் காத்திருந்தார். தேனி பஜாரில் ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம், மூத்த அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறார், இவர் யானைகளைப் பார்த்துக்கொள்கிறார். மனித-யானை மோதல் பற்றிச் சரளமாகப் பேசினார். நான் பெயர் தெரியும்படி படங்கள் எடுத்தேன். என்னையும் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தி அவர் ஒரு படம் எடுத்தார்.

“நேத்து இதே பெட்டிகளை மேலே எஸ்டேட்டில் பார்த்தேன்” என்றேன்.

அவர் கைபேசியைப் பைக்குள் வைத்தார். எந்தப் பை என்று தேடக் கொஞ்ச நேரம் ஆனது. முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். களைப்புதான் வந்தது.

“மேடம், ஒளிக்க ஒண்ணுமில்ல. தேனீயத் தொங்கவிட்டுட்டுப் போயிர முடியாது. மழைக்காலத்துல சீனிப்பாகு வைக்கணும், எறும்பு ஏறாமப் பாக்கணும், திராட்சைத் தோட்டத்துல மருந்தடிக்கிற அன்னிக்கு வாசல அடைக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும். பெட்டி வாங்க எல்லாரும் குடுப்பாக. ஆளுக்குச் சம்பளம் கேட்டா ஒருத்தரும் குடுக்க மாட்டாக. பெட்டியில பேரு எழுதலாம். சம்பளத்துல எங்கன எழுதுறது? அண்ணனுக்குத் தெரிஞ்ச எஸ்டேட், பூவெடுப்புக்கு வாடகை தர்றாக. அந்த வாடகையிலதான் ரெண்டு ஆளும் சாப்பிடுறாக. அங்கன பெட்டியப் பாத்துக்குறதும் அவுகதான்.”

“அதாவது, பெட்டிகளைப் பாதுகாக்கப் பெட்டிகளை வாடகைக்கு விடுறீங்க.”

“ஆமா.”

“யானைகள்?”

“ரிப்போர்ட்டுல இருக்கு மேடம்.”

பெட்டிகள் அன்று மாலையே மேலே போக வேண்டும் என்று அவர் ஓட்டுநரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுருளிச்சாமி என்னை வாழைகளுக்கு நடுவே அழைத்துப் போனார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“மேடம், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க ஊருக்கு எப்பப் போறீக?”

“இன்னிக்கு ராத்திரி.”

“சனிக்கிழம வரைக்கும் இருக்க முடியுமா? நீங்க இங்கன இருக்குற வரைக்கும் பெட்டியும் இருக்கும். போன தடவ வெள்ளக்காரவுக ரெண்டு பேரு வந்து மூணு நாள் படம் பிடிச்சாக. மூணு நாளும் ஒண்ணும் அண்டல.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “எங்க வீட்டுலயே தங்கிக்கங்க. கோழி அடிக்கச் சொல்றேன்” என்றார்.

எங்கள் கட்டடம் யானைகளுக்காகச் செய்ய முடிந்த மிக உருப்படியான காரியம், நான் கூடலூர் லாட்ஜில் அறையைக் காலி செய்யாமல் இருப்பது. இதைத் தீர்மானமாகப் போட்டிருந்தால் பொதுக்குழுவில் தோற்றிருக்கும்.

ஜெபராஜிடம் போனேன். “எனக்கு இன்னும் திருப்தி இல்லை” என்றேன். நன்கொடை உலகில் இந்த நான்கு சொற்களுக்கு இருக்கும் பலம் யானைக்கும் கிடையாது. ஓட்டுநரை அவர் கை காட்டி நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது சுருளிச்சாமி கம்பிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். ஈர மண்ணில் சட்டிச் சட்டியாகத் தடங்கள். வேலியை நோக்கி வந்து, வேலியோரமாகவே கொஞ்ச தூரம் நடந்து, திரும்ப மலைக்குப் போயிருந்தன. சூடு ஆறாத சாணம் ஒரு குவியல். அவர் அதைப் பார்த்த பார்வையை நான் எடுத்த படங்கள் எதிலும் பிடிக்க முடியவில்லை.

“வந்து பாத்துட்டுப் போயிருக்காக” என்றார்.

“யக்காவப் பாக்க வந்திருப்பாக, மெட்ராஸ்லேர்ந்து விருந்தாளின்னு” என்றார் ஒச்சம்மாள். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. தன் மரங்களுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எஸ்டேட்டிலிருந்து ஜெபராஜுக்கு நாள் முழுக்க அழைப்பு வந்துகொண்டிருந்தது. எனக்குச் செயலாளரிடமிருந்து வந்தது. படங்களில் பெயர் இருக்கிறது, ஆனால் எழுத்து சின்னதாகத் தெரிகிறது, இன்னும் கிட்டே போய் எடுக்க முடியுமா என்று கேட்டார். அதற்காக இன்னொரு நாள் தங்க வேண்டும் என்றேன். தாராளமாகத் தங்குங்கள் என்றார். பெயர் சம்பந்தப்பட்ட செலவுக்கு அவர் கணக்குப் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை வெயில் ஏறும்முன் வியாபாரி லாரியோடு வந்துவிட்டார். தார்களை வெட்டி, வாழைச் சருகு சுற்றி, தோளில் சுமந்து ஏற்றினார்கள். சுருளிச்சாமி ஒவ்வொரு தாரையும் லாரி வரை கூடவே போய் அனுப்பினார். கடைசித் தார் ஏறியதும் குடிசைக்குப் போய், நன்கொடையாளர்களின் முகங்களுக்குக் கீழே படுத்து, உடனே தூங்கிவிட்டார். நடுப்பகலில் ஒரு மனிதர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஜெபராஜ் ஜீப்போடு வந்து, பூச்சிகள் பெட்டியில் அடையும் நேரத்துக்காகக் காத்திருந்தார். “திருப்தியா மேடம்?” என்றார். திருப்தி என்றேன்.

ஒச்சம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். “என் தாரு முத்த ஆவணிக் கடைசி ஆயிரும் யக்கா. அப்ப யாரு வர்றாக?”

ஜெபராஜ் யோசித்தார். “பொரட்டாசியில பெங்களூர் கம்பெனி ஒண்ணு வருது.”

“அப்ப என் வாழையப் பொரட்டாசி வரைக்கும் பொறுக்கச் சொல்றேன்” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, “உங்க பில்டிங்குல வேற ஆளே இல்லையா? சும்மா வந்து ஒரு மாசம் கொற சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். சோறு நான் போடுறேன்.”

குறை சொல்ல ஆளுக்கு எங்கள் கட்டடத்தில் பஞ்சமே இல்லை என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். சுருளிச்சாமியின் தாரிலிருந்து எடுத்து வைத்த ஒரு சீப்பு வாழைக்காயைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “பழுக்க வச்சுத் தின்னுங்க. கொழுந்தனாரு தோட்டத்துக் காய்தான, எனக்கென்ன வந்துச்சு.”

இருட்டும் நேரத்தில் எனது பேருந்து கூடலூரை விட்டுக் கிளம்பியது. எதிர்ச் சாலையில் மலையை நோக்கி அந்த ஜீப் போனது. பெட்டிகளின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

ஆண்டுக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வேலியைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தால் பெட்டிகள் கீழேயே இருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். நல்ல யோசனை என்று பலர் சொன்னார்கள். சம்பளம் என்றால் வருஷா வருஷம் கொடுக்க வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். மூன்றாம் தளத்துக்காரர் லிஃப்ட் விஷயத்தைக் கிளப்பினார். கடைசியில் இன்னும் பத்துப் பெட்டிகள் வாங்கிக் கொடுப்பது, இந்த முறை பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்வது என்று கைதட்டலோடு முடிவாயிற்று. கூடலூருக்குப் போய் ஒரு மாதம் தங்க யாராவது வருகிறீர்களா என்றும் கேட்டேன். அது நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அமைப்பின் ஆண்டு மலர் போன வாரம் வந்தது. அட்டையில் ஜெபராஜ் எடுத்த படம். பெட்டிகளுக்கு முன்னால் நான் நிற்கிறேன். எங்கள் கட்டடத்தின் பெயர் தெளிவாக விழுந்திருக்கிறது. என் தோளுக்குப் பின்னால் வரப்பைத் தாண்டி, வாழைகள் காற்றில் சாய்ந்து நிற்கின்றன. அவை ஒச்சம்மாளுடையவை. ஆவணி இரண்டாம் வாரத்தில் யானைகள் வந்தன. அந்த மரங்களில் ஒன்றும் இப்போது இல்லை.